வேலை போனபின் போனஸ்



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. ஒருவரை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஆண்டில் பல மாதம் அவர் உழைத்திருக்கிறார். அந்த மாதங்களுக்கான போனஸ் அவருக்கு உண்டா? அவர் வேலை சரியில்லை என்று யாரோ எழுதிவைத்த மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்க அவருக்கு உரிமை உண்டா? தொழிலாளர் வழக்குகளை நடத்துகிற எங்களிடம் வருபவர்கள் இவற்றை இரண்டு கேள்விகளாகவே கேட்கிறார்கள். முதலாவது பணம் பற்றியது, இரண்டாவது மானம் பற்றியது என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. சம்பளத்தின் ஒரு பகுதியை அப்ரைசல் தீர்மானிக்கிறது என்றால், அந்த அப்ரைசல் சம்பளக் கணக்கின் ஓர் ஏடு ஆகிவிடுகிறது. சம்பளக் கணக்கைத் தொழிலாளியின் கண்ணுக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது.

போனஸ் என்றால் தீபாவளிக்கு முதலாளி மனமுவந்து கொடுப்பது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணத்தை உடைக்க இந்த நாட்டுத் தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. 1917இல் அகமதாபாத்தில் பிளேக் பரவியது. நெசவாலைத் தொழிலாளர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு கிராமங்களுக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக ஆலை முதலாளிகள் ‘பிளேக் போனஸ்’ கொடுத்தார்கள். கூலியில் பாதிக்கும் மேலாக அது இருந்தது. நோய் தணிந்ததும், 1918 தொடக்கத்தில், நிறுத்திவிட்டார்கள். போர்க்கால விலைவாசி ஏறிக் கிடந்த நேரம். தொழிலாளர் பக்கம் அனசூயா சாராபாய் நின்றார். ஆலை முதலாளிகள் பக்கம் அவருடைய சொந்தத் தம்பி அம்பாலால். காந்தி 35 சதவீத உயர்வு கேட்கும்படி தொழிலாளர்களிடம் சொன்னார், மார்ச் மாதத்தில் உண்ணாவிரதம் இருந்தார். கடைசியில் நடுவராக வந்த ஆனந்தசங்கர் துருவ் அந்த 35 சதவீதத்தையே தீர்ப்பாகத் தந்தார். அந்த உண்ணாவிரதத்துக்கு அடுத்த மாதமே இங்கே பெரம்பூரில், பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு, வாடியாவும் செல்வபதி செட்டியாரும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள்.

அந்த பிளேக் போனஸை நான் நினைவூட்டக் காரணம் உண்டு. தொழிலாளி போய்விடுவான் என்ற பயம் இருந்தவரை கொடுத்தார்கள். பயம் போனதும் எடுத்துக்கொண்டார்கள். இன்று மென்பொருள் நிறுவனங்கள் கொடுக்கும் ரிடென்ஷன் போனஸின் உள்ளே ஓடுவதும் இதே கணக்குதான்.

1924இல் பம்பாய் நெசவாலைகளில் இன்னொரு போராட்டம் நடந்தது. சில ஆண்டுகளாகத் தொடர்ந்து கொடுத்துவந்த ஆண்டு போனஸை முதலாளிகள் அந்த முறை கொடுக்கவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பம்பாய்த் தலைமை நீதிபதி நார்மன் மக்லியோடு தலைமையில் ஒரு குழு அமைந்தது. வழக்கத்தின் பேரிலோ சட்டத்தின் பேரிலோ நியாயத்தின் பேரிலோ தொழிலாளர்கள் போனஸை உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது என்று அந்தக் குழு சொல்லிவிட்டது. கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. இந்த நிலையை மாற்றியது 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வகுத்த சூத்திரம். தேய்மானம், மறுசீரமைப்பு, முதலுக்கான வருவாய் எல்லாம் கழித்தபின் மிஞ்சும் உபரியில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு என்று அது சொன்னது. பிறகு 1961இல் மேஹர் ஆணையம் வந்தது, 1965இல் போனஸ் வழங்கல் சட்டம் வந்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் குறைந்தபட்ச போனஸ் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. முதலில் 4 சதவீதமாக இருந்தது, எழுபதுகளில் 8.33 சதவீதமாயிற்று. உச்சவரம்பு 20 சதவீதம்.

வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டமும், இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் என்ன சொல்கின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் மிகப் பலருக்கு இது தெரிவதில்லை. அந்தக் கணக்காண்டில் 30 வேலைநாள் உழைத்திருந்தால் போதும், போனஸுக்குத் தகுதி வந்துவிடும். போனஸ் கொடுக்கும் நாளில் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுக்க வேண்டும். மார்ச் 31இல் ஆண்டு முடிகிற நிறுவனம் நவம்பர் 30க்குள் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் அது தீபாவளியோடு சேர்ந்துகொள்கிறது. ஜூன் மாதம் வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஒருவர் தீபாவளிக்குப் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்கக் கூச்சப்படுகிறார். கூச்சப்பட ஒன்றுமில்லை. முந்தைய ஏப்ரலிலிருந்து மார்ச் வரை அவர் உழைத்த முழு ஆண்டுக்கான போனஸ் அவருக்கு வர வேண்டிய கடன். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கான பங்கு அதற்கடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும்.

தொகை எவ்வளவு என்று கேட்பீர்கள். பழைய போனஸ் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தப்படி மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கியவர்கள் போனஸுக்குத் தகுதி உள்ளவர்களாக இருந்தார்கள். கணக்குப் போடும்போது சம்பளத்தை 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி, இவற்றில் எது அதிகமோ அந்த அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். 7,000 என்று வைத்துக்கொண்டால் முழு ஆண்டுக்குக் குறைந்தபட்ச போனஸ் ஏறத்தாழ 7,000 ரூபாய். ஐந்து மாதம் மட்டும் வேலை செய்தவருக்கு ஏறத்தாழ 2,900 ரூபாய். தொகை சிறிதுதான். ஆனால் ஒரு தையல் கூடத்திலிருந்தோ துணிக்கடையிலிருந்தோ வெளியே அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அது ஒரு மாத வாடகை.

போனஸை இழக்க வைக்கும் காரணங்களைச் சட்டம் விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருக்கிறது. மோசடி, பணியிடத்தில் கலவரமான அல்லது வன்முறையான நடத்தை, நிறுவனச் சொத்தைத் திருடுதல், கையாடுதல், நாசவேலை. இவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கே போனஸ் இல்லை. புதிய தொகுப்பு இதில் பாலியல் துன்புறுத்தலுக்காகத் தண்டனை பெற்றதையும் சேர்த்திருக்கிறது; அது சரியானதே. இந்தப் பட்டியலை நீங்கள் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். திறமைக் குறைவு அதில் இல்லை. இலக்கை எட்டாதது இல்லை. தாமதமாக வந்தது இல்லை. மேலதிகாரியோடு ஒத்துப்போகாதது இல்லை. ‘பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை, அதனால் அனுப்பினோம், அதனால் போனஸ் கிடையாது’ என்று ஹெச்.ஆர். அதிகாரி சொல்லும்போது, அந்த இரண்டாவது ‘அதனால்’ சட்டத்தில் எங்குமே இல்லை.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதையும் சேர்த்து நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கும் எதிராகத் தொழிற்சங்கங்கள் எழுப்பிய எதிர்ப்புகளில் பலவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. வேலைநிறுத்த உரிமையை அவை எப்படிச் சுருக்கியிருக்கின்றன என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் இன்று நாம் பேசும் விஷயத்தில் இந்தத் தொகுப்பு தொழிலாளிக்குச் சில ஆயுதங்களைத் தந்திருக்கிறது. அவற்றை எடுத்துப் பயன்படுத்தாமல் விடுவது தவறு. வேலைநீக்கமானாலும் ஆட்குறைப்பானாலும் ராஜினாமாவானாலும் வர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலைநாளுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது 17ஆவது பிரிவு. பழைய ஊதிய வழங்கல் சட்டத்திலும் வேலைநீக்கத்துக்கு இரண்டு நாள் கெடு இருந்தது. ஆனால் அது மாதம் 24,000 ரூபாய்க்குள் வாங்குபவர்களுக்கு மட்டும். இப்போது மேலாளர்களுக்கும் சேர்த்து எல்லோருக்கும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட் 45 நாளில் வரும்’ என்று இன்னும் கடிதம் கொடுக்கும் நிறுவனங்கள் இதைப் படிக்க வேண்டும். போனஸோ ஊதியமோ கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்கிறது 59ஆவது பிரிவு. போனஸ் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது 60ஆவது பிரிவு. கோரிக்கை மனு போட மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. கோரிக்கைத் தொகையின் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. கடைசி நாளில் ‘எனக்கு வேறு எந்தப் பாக்கியும் இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரிலீவிங் லெட்டர் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்தத் தாள் சட்டப்படியான போனஸை அழிக்காது.

இதுவரை சொன்னது சட்டம் நேராகக் காப்பாற்றும் போனஸ் பற்றியது. சிறுசேரியிலும் தரமணியிலும் கோவை சரவணம்பட்டியிலும் வேலை பார்க்கும் பெரும்பாலோர் அந்த வரம்புக்கு மேலே சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு வருவது வேறொரு சரக்கு. அதற்கு வேரியபிள் பே, பெர்ஃபார்மன்ஸ் போனஸ், இன்சென்டிவ் என்று பல பெயர். வேலைக்கு எடுக்கும்போது ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் என்று சொல்கிறார்கள். உள்ளே இரண்டு லட்சம் வேரியபிள். வங்கியில் கடன் கேட்கும்போது பன்னிரண்டு லட்சம் என்று சொல்லித்தான் கேட்கிறோம், பெண் பார்க்கும் இடத்திலும் அதைத்தான் சொல்கிறோம். அனுப்பும் நாளில் மட்டும் அந்த இரண்டு லட்சம் நிறுவனத்தின் விருப்பமாகிவிடுகிறது. ‘பணம் கொடுக்கும் தேதியில் பணியில் இருப்பவர்களுக்கே உண்டு’ என்று கொள்கைக் கையேட்டில் ஒரு வரி இருக்கும். 1924இல் மக்லியோடு குழு சொன்ன அதே இடத்துக்கு, சட்டம் வந்து அறுபது ஆண்டுக்குப் பிறகு, இந்த ஒரு வரி நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இந்த வரிக்குப் பதில் இல்லையா? இருக்கிறது. 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் ஊதியத்தை வரையறுத்தபோது, பணி நிபந்தனைகளின் கீழ் தர வேண்டிய கூடுதல் ஊதியத்தை, அதை போனஸ் என்று அழைத்தாலும் வேறு என்ன பெயரிட்டு அழைத்தாலும், ஊதியத்தில் சேர்த்தது. வேலை முடிந்ததன் காரணமாக ஒப்பந்தப்படியோ சட்டப்படியோ தர வேண்டிய தொகையையும் சேர்த்தது. புதிய தொகுப்பு விலக்கி வைப்பதும் பணி நிபந்தனைப்படியான ஊதியத்தின் பகுதியாக இல்லாத போனஸைத்தான். ஆகவே நியமனக் கடிதத்தில் தொகை சொல்லி, கணக்கிடும் முறை சொல்லி, ஆண்டுச் சம்பளத்தில் கூட்டிக் காட்டிய வேரியபிள் பே ஊதியமே என்று வாதாட வலுவான இடம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நியமனக் கடிதத்தில் எழுதியதைக் கையேட்டு வரி ஒன்று பின்வாசல் வழியாக அடித்துவிட முடியாது.

நம் நீதிமன்றங்களில் இந்த வாதம் இன்னும் முழுமையாக எடுத்து வைக்கப்படவில்லை. அதனால் ஒப்பந்தச் சட்டத்தை நம்மைப் போலவே ஆங்கிலப் பொதுச் சட்ட மரபிலிருந்து பெற்ற நாடுகளில் என்ன நடந்தது என்று பார்க்கிறேன். லண்டனில் நொமுரா நிறுவனத்தில் பங்கு வர்த்தகராக இருந்த ஒருவரை 1997இல் அனுப்பினார்கள். அந்த ஆண்டு அவர் நிறுவனத்துக்குப் பல மில்லியன் பவுண்டு லாபம் ஈட்டித் தந்திருந்தார். போனஸ் பூஜ்யம் என்றார்கள். போனஸ் எங்கள் விருப்புரிமை, ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். 2000ஆம் ஆண்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விருப்புரிமை இருக்கலாம், ஆனால் தனிப்பட்ட செயல்திறனைப் பொறுத்து என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, செயல்திறனைப் பார்க்காமல் பூஜ்யம் போடுவதை நியாயமான எந்த முதலாளியும் செய்ய மாட்டார் என்று சொல்லி 13.5 லட்சம் பவுண்டு கொடுக்க வைத்தது.

கனடா நாட்டு உச்ச நீதிமன்றத்தின் மேத்யூஸ் வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஓஷன் நியூட்ரிஷன் என்ற நிறுவனத்தில் பதினான்கு ஆண்டு வேலை செய்த வேதியியலாளர் அவர். புதிதாக வந்த மேலதிகாரி அவர் பொறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தாங்க முடியாமல் 2011இல் அவர் வெளியேறினார். வெளியேறிய சுமார் பதின்மூன்று மாதத்தில் நிறுவனம் விற்கப்பட்டது. விற்கும்போது பணியில் இருந்திருந்தால் அவருக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் போனஸ். பணியில் இருப்பவர்களுக்கே என்று திட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது. கீழ் நீதிமன்றம் கேட்டது வேறு கேள்வி: முறைப்படி அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய நோட்டீஸ் காலம் எவ்வளவு? பதினைந்து மாதம். அப்படியானால் விற்பனை அந்த நோட்டீஸ் காலத்துக்குள் வருகிறது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதி செய்தது. நோட்டீஸ் காலம் முழுவதும் பணியில் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அது அவருக்குச் சேரும். அதை எடுத்துவிட வேண்டுமென்றால் துளியும் ஐயமில்லாத சொற்களில் ஒப்பந்தம் எழுதியிருக்க வேண்டும்.

இங்கே இரண்டு மாதம், மூன்று மாதம் என்று நோட்டீஸ் காலம் எழுதிவைத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் அனுப்புகிறார்கள், நோட்டீஸ் சம்பளத்தைக் கையில் கொடுத்து அன்றே வாசலைக் காட்டுகிறார்கள். வேரியபிள் கொடுக்கும் தேதி ஏப்ரலில் வருகிறது. கனடாவில் ஏற்ற தர்க்கப்படி பார்த்தால் அந்த ஏப்ரல் தேதி நோட்டீஸ் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. வழக்கறிஞர்களாகப் போகும் மாணவர்கள் தங்களிடம் வரும் நியமனக் கடிதங்களில் முதலில் பார்க்க வேண்டியது நோட்டீஸ் காலத்தையும் வேரியபிள் கொடுக்கும் தேதியையும்தான்.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். வேரியபிள் தொகையை ரேட்டிங் தீர்மானிக்கிறது. ரேட்டிங்கை யார் தீர்மானிக்கிறார்கள்? மேனேஜர் என்று நினைக்கிறோம். பல நிறுவனங்களில் அவருக்கும் முன்பே பெல் கர்வ் தீர்மானித்துவிடுகிறது. இத்தனை பேரில் இத்தனை சதவீதம் மேலே, இத்தனை சதவீதம் நடுவே, இத்தனை சதவீதம் கீழே என்று ஆண்டு தொடங்கும்போதே விழுக்காடு குறித்துவிடுகிறார்கள். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் கொண்டுவந்த 20, 70, 10 என்ற வகுப்பு இதன் புகழ்பெற்ற வடிவம். கீழே இருக்கும் 10 சதவீதம் வெளியே போக வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2013இல் இந்த முறையைக் கைவிட்டது. பத்துப் பேர் கொண்ட அணியில் பத்துப் பேரும் நன்றாக உழைத்தாலும் ஒருவர் கீழே போயே ஆக வேண்டும் என்றால், அவர் மீது எழுதப்படும் குறை அவர் உழைப்பைப் பற்றியது ஆகாது. இடத்தை நிரப்ப எழுதியது அது. அப்படி எழுதியதை ஆதாரமாகக் காட்டி அவர் போனஸையும் வெட்டி, அவரையும் வெளியே அனுப்புகிறார்கள். நடுவில் பி.ஐ.பி. என்று அறுபது நாள், தொண்ணூறு நாள் ஒரு திருத்தத் திட்டம் வைக்கிறார்கள். உண்மையாகவே கற்றுக்கொடுக்க வைத்த திட்டங்களையும் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கையில் அவை குறைவு.

மகப்பேறு விடுப்பில் போன பெண்களின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஆறு மாதம் விடுப்பில் இருந்தவரை, பன்னிரண்டு மாதம் வேலை செய்தவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்திக் கீழே தள்ளுகிறார்கள். போனஸ் சட்டம் இவ்விஷயத்தில் எத்தனையோ ஆண்டுக்கு முன்பே சரியாக நடந்துகொண்டது. சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு நாட்களை உழைத்த நாட்களாகவே கணக்கிட வேண்டும் என்று 14ஆவது பிரிவு சொன்னது. சட்டப்படியான போனஸில் அவர் உழைத்தவர், கம்பெனியின் ரேட்டிங்கில் அவர் உழைக்காதவர். 2015 ஜனவரியில் சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் கருவுற்றிருந்த பணியாளர் ஒருவரை அனுப்பியபோது சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அந்தத் தடைதான் ஐ.டி. பணியாளர்களுக்கும் தொழில் தகராறுச் சட்டம் உண்டு என்ற செய்தியைப் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கொண்டுபோனது.

தாளைப் பார்க்கும் உரிமைக்கு வருவோம். அரசு ஊழியருக்கு அந்த உரிமை இருக்கிறது. ரகசியக் குறிப்பேட்டில் மோசமாக எழுதினால்தான் தெரிவிக்க வேண்டும் என்ற பழைய நிலையை 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. 2013இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை உறுதிப்படுத்தினார்கள். மோசம், சுமார், சராசரி, நன்று, மிக நன்று என்று எதை எழுதினாலும் நியாயமான காலத்துக்குள் ஊழியரிடம் தெரிவிக்க வேண்டும். தெரிந்தால்தான் அவர் திருத்திக்கொள்ள முடியும், ஏற்காவிட்டால் முறையிட முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் காரணம். இந்தக் காரணத்தில் அரசு ஊழியருக்கு மட்டும் பொருந்தும் சொல் ஒன்றாவது இருக்கிறதா? இயற்கை நீதி என்பது சம்பளப் பட்டியலின் தலைப்பைப் பார்த்து வருவதில்லை.

மாணவருக்கும் அந்த உரிமை இருக்கிறது. சி.பி.எஸ்.இ. வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் திருத்திய விடைத்தாளைத் தேர்வர் பார்க்கலாம் என்றது. ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அயர்லாந்தில் கணக்காளர் தேர்வில் தோற்ற நோவாக் என்பவர் தன் விடைத்தாளைக் கேட்டார். 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், அவர் எழுதிய விடைகள் மட்டுமல்ல, திருத்தியவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் நோவாக்கின் தனிநபர்த் தரவே என்று சொன்னது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுதும் கருத்தும் அந்த முதலாமவருக்குச் சொந்தமான தகவல். அங்கே வேலைநீக்கமானவர்கள் தங்கள் அப்ரைசல் குறிப்புகளைத் தரவுச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கிறார்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

நம்முடைய 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தக் கதவு அவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை. பணி நோக்கங்களுக்காக ஒப்புதல் இல்லாமலே ஊழியரின் தரவைக் கையாள அது முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. தரவைக் கேட்டுப் பெறும் உரிமையையோ ஒப்புதலோடு கட்டிவைத்திருக்கிறது. ஒப்புதல் கேட்கவில்லை, அதனால் காட்டவும் தேவையில்லை என்று ஒரு நிறுவனம் வாதாட முடியும். ஊழியரைப் பற்றி அவரைக் கேட்காமல் எழுதலாம், எழுதியதை அவருக்குக் காட்டாமலும் இருக்கலாம் என்ற இந்த நிலையை நாடாளுமன்றம் திருத்தியே ஆக வேண்டும்.

அதுவரை தாளைப் பார்க்க வழியே இல்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். வேலைநீக்கத்தை எதிர்த்தால் தாள் வெளியே வந்தாக வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கையின் தண்டனையாக இல்லாமல், வேறு எந்தக் காரணத்துக்காக முதலாளி ஒரு தொழிலாளியின் வேலையை முடித்தாலும், விருப்ப ஓய்வு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அது ஆட்குறைப்பு. தொழில் தகராறுச் சட்டத்தில் அப்படித்தான் வரையறை இருந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் தொழிலுறவுத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. அப்படியானால் ‘ரேட்டிங் குறைவு’ என்று சொல்லி அனுப்புகிற நிறுவனத்துக்கு இரண்டே வழிதான். தண்டனை என்றால் குற்றச்சாட்டு கொடுத்து விசாரணை நடத்த வேண்டும். தண்டனை இல்லை என்றால் ஆட்குறைப்புக்கான நோட்டீஸும், ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடும் தர வேண்டும், பொதுவாகக் கடைசியில் வந்தவரை முதலில் அனுப்ப வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே தப்பிக்கத்தான் ராஜினாமாவை எழுதி வாங்குகிறார்கள். ஓர் அறையில் உட்காரவைத்து, ‘நீங்களாகப் போனால் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நன்றாகக் கொடுக்கிறோம்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள் என்று இந்த மேடையிலிருந்து சொல்கிறேன். போட்டுவிட்டால் அன்று மாலைக்குள், எந்தச் சூழலில் போட்டீர்கள் என்று ஒரு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள்.

மேனேஜர் என்ற பட்டம் இருப்பதால் நீங்கள் தொழிலாளி இல்லை என்று அடுத்த வாதம் வரும். பெயரில் என்ன இருக்கிறது என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை, கையில் என்ன வேலை இருக்கிறது என்று பார்க்கும். 2015இல் வேலைநீக்கமான ஓர் ஐ.டி. மேலாளரின் வழக்கில் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் அதைத்தான் பார்த்தது. மேலாளர் என்பது பெயர்தான், செய்தது தொழில்நுட்ப வேலை என்று சொல்லி, சம்பளப் பாக்கியோடு மீண்டும் வேலை தரச் சொன்னது. அந்த மனிதர் அதற்காகப் பல ஆண்டு நீதிமன்றப் படியேறினார். இடையே வீடு நடத்த அவர் பட்ட பாட்டைத் தீர்ப்பு ஈடுகட்டாது. ஆனால் அவர் ஏறியதால்தான் மற்றவர்களுக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது.

வழக்குக்குத் தேவை காகிதம். அனுப்பும் நாளில் லேப்டாப்பை வாங்கிக்கொள்கிறார்கள், அதே மணிநேரத்தில் லாகின் நின்றுவிடுகிறது. அதனால் வேலையில் இருக்கும்போதே நியமனக் கடிதம், மாதச் சம்பளச் சீட்டு, ஆண்டு உயர்வுக் கடிதம், ஒவ்வோர் ஆண்டின் ரேட்டிங் கடிதம், போனஸ் கொள்கை, இவற்றின் நகல் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். இவை உங்கள் சொந்தக் காகிதங்கள். வாடிக்கையாளரின் தகவலையும் நிரல்களையும் தொடாதீர்கள்; அதை எடுத்தால் மோசடி என்று எழுதி போனஸையும் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். அப்ரைசல் கூட்டம் முடிந்த அன்றே என்ன பேசினீர்கள் என்று மேனேஜருக்கு நான்கு வரி எழுதி அனுப்புங்கள். ரேட்டிங்கை ஏற்கவில்லை என்றால் ஏற்கவில்லை என்று எழுதுங்கள். ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் கணினித் திரை நகரும் என்றால், அழுத்திவிட்டு மறுப்பைத் தனியாக எழுதுங்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே செய்ய வேண்டியதும் இருக்கிறது. அது கோட்டையில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் மாநிலத்தின் சொந்தச் சட்டம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்பக் கூடாது என்று அதன் 41ஆவது பிரிவு சொல்கிறது. அனுப்பினால் மேல்முறையீடும் உண்டு. இந்தச் சட்டத்தில்தான் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்த பணியாளர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் செய்தது. தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால் இன்னொரு பிரிவைச் சேர்க்கவும் அதனால் முடியும்.

அந்தப் பிரிவை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். ஊதியத்தின் எந்தப் பகுதியேனும் மதிப்பீட்டைச் சார்ந்திருந்தால், அந்த மதிப்பீட்டை அதன் காரணங்களோடு ஊழியரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், மறுப்புத் தெரிவிக்க அவருக்குப் பதினைந்து நாள் தர வேண்டும். முன்கூட்டியே வகுத்த விழுக்காட்டின்படி மதிப்பீடு செய்திருந்தால் அதையும் அந்தத் தாளில் சொல்ல வேண்டும். ஊழியரிடம் கொடுக்காத மதிப்பீட்டை 41ஆவது பிரிவின் கீழ் தக்க காரணமாகக் காட்ட முடியாது. எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும், சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கும் குற்றங்கள் நீங்கலாக, உழைத்த மாதங்களுக்கான விகிதத்தில் மாறு ஊதியம், அதாவது வேரியபிள் பே, கடைசிச் சம்பளத்தோடு சேர வேண்டும். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு தரும் விலக்கு இந்தப் புதிய பிரிவுக்குப் பொருந்தாது என்று கடைசி வரியாகச் சேர்க்க வேண்டும். இதன் வரைவைத் தொழிலாளர் நலத்துறைக்கு அனுப்பும் பொறுப்பை இந்த அவையில் இருக்கும் சங்கங்கள் ஏற்றால், அதை எழுதிக்கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.